உண்மைக் கடனுக்குப் பொய்ச் சாட்சி



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் உறுப்பினர்களில் ஓர் இளைஞர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். "ஐயா, ஒரு சின்ன உதவி. பாக்கி வராத பார்ட்டி மேல கேஸ் போட்டிருக்கேன். சரக்கு இறக்கினதை நீங்க பார்த்ததா கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்" என்றார். நான் பார்த்தேனா என்று அவர் கேட்கவில்லை. பார்க்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்தக் கடன் உண்மையானது என்பதும் இருவருக்கும் தெரியும்.

மறுத்துவிட்டேன். பையன் முகம் சுருங்கிப் போயிற்று. ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெரியவர் என்ன குறைந்தா போய்விடுவார் என்று நினைத்திருப்பார். ஏன் மறுத்தேன் என்பதை வாசலில் நின்றுகொண்டு சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்த இதழில் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாக வீட்டாரைத் தவிர யாரிடமும் விவரமாகச் சொல்லாத விஷயம் இது.

எனக்குக் கடை செவ்வாய்ப்பேட்டையில், வீடு ஃபேர்லேண்ட்ஸில். என் கடைக்கு நான்கு கடை தள்ளி ஒரு நண்பர் பருப்பு மொத்த வியாபாரம் செய்து வந்தார். 1993-ல் நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த மளிகைக் கடைக்காரருக்குத் துவரம்பருப்பும் உளுந்துமாக 46 மூட்டை கடனுக்கு அனுப்பினார். 78 ஆயிரம் ரூபாய். அன்றைக்கு அது ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் பணம். முதலில் வெள்ளாமை சரியில்லை என்றார்கள். பிறகு தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். கடைசியில் சரக்கே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நண்பர் சப் கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

அவரிடம் பேரேடு இருந்தது, பில் புத்தகம் இருந்தது. ஆனால் டெலிவரி நோட்டில் வாங்கியவர் கையெழுத்து இல்லை. பழக்கமான பார்ட்டி என்று லாரிக்காரனும் வாங்காமல் வந்துவிட்டான். அன்றைய சாட்சியச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, ஒழுங்காக எழுதி வந்த கணக்குப் புத்தகம் சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அதை மட்டும் வைத்து எவர் தலையிலும் கடனைக் கட்ட முடியாது. இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 28-ஆவது பிரிவு அதையேதான் சொல்கிறது. அதனால் கணக்குக்குத் துணையாக வேறு ஏதாவது வேண்டும் என்றார் வக்கீல். உடனே எங்கள் எல்லோருக்கும் தோன்றியது ஒரு ஆள் சாட்சிதான். காகிதம் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் பக்கத்துக் கடைக்காரன், பெயர் கெடாதவன். "நீ சொன்னா ஜட்ஜ் நம்புவார்" என்றார் நண்பர். உண்மையான கடன்தானே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

1997-ல் கூண்டில் ஏறினேன். அப்போதெல்லாம் முதல் விசாரணையும் வாயால்தான். டவாலி சத்தியப் பிரமாணம் சொல்லி வைத்தார். அன்று காலையில் என் கண் முன்னால் மூட்டை ஏற்றியதாகவும், பணம் வாங்க நண்பரோடு போனபோது சரக்கு வந்து சேர்ந்ததைக் கடைக்காரர் என் எதிரிலேயே ஒப்புக்கொண்டதாகவும் சொன்னேன். முதல் பகுதி முழுப் பொய். இரண்டாவது பகுதி நண்பர் எனக்குச் சொன்னது; நான் கேட்டதாக மாற்றிச் சொன்னேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர். குரலை உயர்த்தவே இல்லை. நீங்களும் வியாபாரிதானே, நாள்வழி எழுதுவீர்களா என்று கேட்டார். பெருமையாக, ஒரு நாள் விடாமல் எழுதுவேன் என்றேன். வெளியூர்ப் பயணச் செலவும் எழுதுவீர்களா என்றார். அதையும் எழுதுவேன் என்றேன். அடுத்த வாய்தாவுக்கு அந்த ஆண்டு நாள்வழியைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். சரக்கு ஏற்றிய தேதியில், என் கையெழுத்தில், "குண்டூர் மிளகாய் கொள்முதல் பயணம் – 640 ரூபாய்" என்று இருந்தது. முன்னும் பின்னும் மூன்று நாள் நான் சேலத்திலேயே இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் மனைவிதான், "ஒண்ணு போதாதா?" என்று கேட்டார்.

புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீதிபதி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "உங்கள் கையெழுத்துத்தானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வழக்கு தள்ளுபடியானது. இரண்டாம் சாட்சி நம்பத்தகுந்தவர் அல்ல என்று தீர்ப்பில் எழுதியிருந்தார். என்னை நம்ப முடியாமல் போனதால், என்னைக் கூட்டி வந்த நண்பரின் பேரேட்டிலும் சந்தேகம் விழுந்துவிட்டது. 78 ஆயிரமும் போய், எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகையும் கட்டினார்.

அதோடு முடியவில்லை. பொய்ச் சாட்சி சொன்ன என் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் மனுப் போட்டார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340-ஆவது பிரிவு. 14 மாதம் அந்த மனு நிலுவையில் இருந்தது. அந்த 14 மாதத்தில்தான் இந்தச் சட்டத்தை நான் கற்றேன். பள்ளிப் படிப்போடு நின்றவன், வக்கீல் குமாஸ்தாவிடம் காப்பி வாங்கிக் கொடுத்துக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. பிற்பாடு வந்த மாற்றங்களையும் விடாமல் கேட்டு வைத்திருக்கிறேன்.

நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னால் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 193-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 229. அபராதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஏழு ஆண்டு என்று கேட்டதும் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிறகுதான் குமாஸ்தா விளக்கினார். இந்தக் குற்றத்தை விசாரிப்பவர் முதல் வகுப்புக் குற்றவியல் நடுவர். அவர் கொடுக்கக்கூடிய தண்டனையே மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. அதற்கு மேல் வேண்டும் என்று கருதினால் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். ஜாமீனில் வரக்கூடிய குற்றம்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எதிராளி கோர்ட்டில் பொய் சொல்லிவிட்டான் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிப் பயனில்லை. போலீசாரும் வழக்குப் போட முடியாது, நாமும் நேரே நடுவரிடம் பிராது கொடுக்க முடியாது. எந்த நீதிமன்றத்தில் பொய் சொல்லப்பட்டதோ அந்த நீதிமன்றமே எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். மனுப் போட்டு நினைவூட்டுவது வரைதான் நம் உரிமை. இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 379-ஆவது பிரிவு.

அந்த மனுவில் நீதிபதி இரண்டு விஷயம் பார்க்கிறார். சொன்னது வாய்தவறியோ மறதியாலோ வந்ததா, தெரிந்து வேண்டுமென்றே சொன்னதா? அப்படியே பொய்யானாலும், அதற்காக ஒரு வழக்கு நடத்துவது நீதியின் நலனுக்கு அவசியமா? சுப்ரீம் கோர்ட் 1971-லேயே சஜ்ஜு ராம் வழக்கில், வேண்டுமென்றே சொன்ன பொய்யாக இருந்து, தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்பும் இருந்தால்தான் இந்த வழக்கைத் தொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. முன்னுக்குப் பின் முரணாகப் பேசிவிட்டார் என்பது மட்டும் போதாது. என் மனுவில் முதல் கேள்விக்கு நான் தோற்றவன். இரண்டாவது கேள்வியில் தப்பினேன். என் பொய்யால் தீர்ப்பு கெடவில்லை, வழக்கே தள்ளுபடியாகிவிட்டது, நாள்வழியை மறைக்காமல் கொண்டுவந்து கொடுத்தார் என்று சொல்லி மனுவை முடித்துவைத்தார்கள். எனக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்று 2022 செப்டம்பரில் பஞ்சாப் அரசு எதிர் ஜஸ்பீர் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நீதிமன்றம் நினைத்தால் நேராகவே புகார் அனுப்பலாம்.

செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் முதல் வகுப்பு நடுவருக்கும் ஒரு குறுக்கு வழியும் உண்டு. தீர்ப்புச் சொல்லும்போதே இந்தச் சாட்சி தெரிந்து பொய் சொன்னார் என்று பதிவு செய்து, சுருக்க விசாரணை நடத்தித் தாமே தண்டிக்கலாம். மூன்று மாதம் வரை சிறை. அபராதம் முன்பு 500 ரூபாய், இப்போது ஆயிரம். ஒரு மூட்டை அரிசி விலைகூட இல்லை.

இவ்வளவு இருந்தும் பொய்ச் சாட்சிக்காகத் தண்டிக்கப்பட்டவரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 2000-ல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே இதை மனம் நொந்து எழுதியிருக்கிறது. சாட்சி பொய் சொல்கிறார் என்று நீதிபதிக்குத் தெரிகிறது. ஆனாலும் புகார் கொடுக்கத் தயங்குகிறார். காரணம், புகார்தாரராகத் தாமே கையெழுத்திட வேண்டியிருக்கிறது என்று. அந்தத் தடையைப் பிறகு சட்டத்தைத் திருத்தி நீக்கினார்கள். நீதிபதி அதிகாரம் கொடுக்கும் நீதிமன்ற அலுவலரே 2006 முதல் கையெழுத்திடலாம். ஆனாலும் ஒரு வழக்கு முடியவே ஆண்டுக்கணக்காகிறது. அதன் வயிற்றிலிருந்து இன்னொரு வழக்கைப் பிறப்பிக்க எந்த நீதிமன்றத்துக்கு ஓய்வு இருக்கிறது? அதே தீர்ப்பில், சாட்சிகளை வாய்தா வாய்தாவாக அலையவைப்பதையும், உட்கார இடமில்லாமல் காக்கவைப்பதையும், படிக்காசு ஒழுங்காகக் கொடுக்காததையும் கண்டித்திருக்கிறார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போய் மாலை வரை புளியமரத்தடியில் நின்ற நமக்கு அது புரியும்.

நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த ஒரு பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. சாதியின் பேரால் நடந்த கொலை. நாமக்கல்லில் தொடங்கிய விசாரணை பிறகு மதுரைக்கு மாற்றப்பட்டது. நடுவர் முன்னால் முதலில் வாக்குமூலம் கொடுத்திருந்த அந்தப் பெண், விசாரணையில் பிறழ் சாட்சியானார். கோயிலில் இருந்த கேமராப் பதிவும் மற்ற சாட்சியங்களும் நின்றன. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில், 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணை மீண்டும் வரவழைத்து, கேமராப் படத்தைப் போட்டுக் காட்டிக் கேட்டது. படத்தில் இருப்பது நான் அல்ல என்றார். நீதிபதிகள் அவர் மேல் தாமாகவே நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கினார்கள். 2023 ஜூனில் யுவராஜுக்கு விதித்த தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்தப் பெண் எந்தப் பயத்தில் நின்றாரோ, வெளியிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மிரட்டலுக்கு ஆளாகும் சாட்சிகளைக் காக்க 2018-ல் ஒரு திட்டத்தை சுப்ரீம் கோர்ட் ஏற்று, நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. பயத்தால் மாறுகிறவரும், நான் செய்ததுபோல் நட்புக்காகச் சொல்கிறவரும் ஒன்றல்ல. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருவருக்கும் பிரிவு ஒன்றுதான்.

வடோதராவில் பெஸ்ட் பேக்கரி என்று ஒரு கடை. 2002 மார்ச் 1-ல் கலவரக் கும்பல் அதைக் கொளுத்தியதில் 14 உயிர் போயிற்று. கடைக்காரர் வீட்டுப் பெண் ஜாகிரா ஷேக்தான் முக்கியச் சாட்சி. அவர் ஒருமுறை ஒன்று சொல்லி, பயந்து சொன்னேன் என்று மாற்றி, மறுபடியும் மாற்றினார். 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அவருக்கு ஓராண்டுச் சிறையும் 50 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அதுவும் நீதிமன்ற அவமதிப்புக்காகத்தான். பொய்ச் சாட்சிப் பிரிவின் நீண்ட பாதையில் போக நேரமில்லாதபோது பெரிய நீதிமன்றங்கள் இந்தக் குறுக்குப் பாதையை எடுப்பதை இரண்டு வழக்கிலும் பார்க்கிறோம். சப் கோர்ட்டுக்கும் நடுவர் நீதிமன்றத்துக்கும் அந்த வசதி இல்லை.

வெள்ளைக்காரன் நாட்டில் இந்தக் குற்றத்தை அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. ஜெஃப்ரி ஆர்ச்சர் என்ற நாவலாசிரியர், அரசியல்வாதி. ஒரு பத்திரிகை மேல் மானநஷ்ட வழக்குப் போட்டு 1987-ல் ஐந்து லட்சம் பவுண்டு வாங்கினார். அன்றிரவு தம்மோடு இருந்ததாகச் சொல்லும்படி ஒரு நண்பரைக் கேட்டிருந்தார். காரியதரிசியை வைத்துப் புது டைரி ஒன்றில் பொய்யாக எழுதவைத்தார். பல ஆண்டு கழித்து நண்பரே உண்மையைச் சொல்லிவிட்டார். 2001-ல் நான்கு ஆண்டுச் சிறை. வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் டைரியைப் பற்றிப் படித்தபோது, நம் கடைத்தெருவில் சிலர் வைத்திருக்கும் இரண்டாம் நோட்டு என் நினைவுக்கு வந்தது.

இனி நம் கல்லாவுக்கு அருகில் நடப்பவை. முதலாவது மகஜர். கடைக்கு எதிரில் ஏதோ பிடிபடுகிறது. போலீஸ்காரர் காகிதத்தோடு வந்து, "அண்ணே, ஒரு கையெழுத்து" என்கிறார். வியாபார நேரம், நாமும் போட்டுவிடுகிறோம். இரண்டு ஆண்டு கழித்து சம்மன் வருகிறது. கூண்டில் ஏறி, கையெழுத்து என்னுடையது, சரக்கைப் பார்க்கவில்லை என்கிறோம். உடனே பிறழ் சாட்சி என்று முத்திரை விழுகிறது. உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான். தப்பு நடந்தது கையெழுத்துப் போட்ட அன்றைக்கு. கண்ணால் பார்த்தால் போடுங்கள்; பார்க்காவிட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது, செக் வழக்கு. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கை வாங்கி வைப்பது நம்மிடம் வழக்கம். பணம் வராதபோது நாமே பூர்த்தி செய்து போடுகிறோம். திரும்பி வந்ததும், இன்ன தேதியில் என் எதிரில் பூர்த்தி செய்து கொடுத்தார் என்று பிரமாண வாக்குமூலம் கொடுக்கிறோம். எழுத்து வேறு, மை வேறு என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் விழிக்கிறோம். இந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. மனம் ஒப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்று செக்கை வாங்கியவர் பூர்த்தி செய்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் செல்லும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். சிவில் வழக்கில் முதல் விசாரணையே 2002 ஜூலை முதல் வாக்குமூலக் காகிதமாகிவிட்டது. வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்ததைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கூண்டில் நிற்கப் போவது குமாஸ்தா இல்லை.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. அதிகாரி சம்மன் அனுப்பி விசாரிப்பது. அது வெறும் ஆபீஸ் விசாரணை என்று நினைக்கிறோம். அந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவுப்படி அதுவும் நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும். அங்கே சொல்லும் பொய்யும் கோர்ட்டில் சொல்லும் பொய்யும் ஒரே எடை.

எதிராளியின் பொய்க்குக் கிடைக்கும் பரிகாரத்தைப் பற்றியும் ஒரு வரி. பொய்யான வழக்குத் தொடுத்தவரிடம் ஈட்டுத்தொகை வாங்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு இருக்கிறது. சாதாரண நீதிமன்றங்களில் உச்சவரம்பு மூவாயிரம் ரூபாய்தான். ஆனால் ஒருவர் போலிப் பில்லோ போலிக் கடன் பத்திரமோ தயாரித்து, அதன் பிறகு கோர்ட்டில் தாக்கல் செய்திருந்தால், கோர்ட் புகார் கொடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீதிமன்றத்தின் கையில் இருக்கும்போது ஆவணத்தைத் திருத்தினால்தான் அந்தக் கட்டுப்பாடு என்று 2005-ல் இக்பால் சிங் மார்வா வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்த்திருக்கிறார்கள். போலி ஆவணத்துக்குப் போலீசில் புகார் கொடுக்கலாம்.

என் நண்பர் 2009-ல் காலமானார். வழக்குத் தோற்ற பிறகும் சனிக்கிழமை மாலை தேநீருக்கு என் கடைக்குத்தான் வருவார். அந்த 78 ஆயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் இறந்த பிறகு அவர் மகன் கடையைக் காலி செய்தபோது பழைய கட்டுகளை இறக்கினோம். அந்த 46 மூட்டைக்கான லாரி ரசீது, சரக்கைப் பெற்றுக்கொண்டதாகக் கடைக்காரரின் முத்திரையோடு, வேறு ஆண்டுக் கட்டில் இருந்தது. லாரி ஆபீஸ் கணக்குத் தீர்க்கும்போது திருப்பி அனுப்பியிருக்கிறது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. என்னைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

அந்த ரசீது இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. அந்த இளைஞரைக் கடைக்கு வரவழைத்துக் காட்டினேன். வே பில் போட்டீர்களா, எதிராளி அந்தப் பில்லுக்கு வரி வரவு எடுத்திருக்கிறாரா, லாரி ஆபீஸில் நகல் கேட்டீர்களா என்று கேட்டேன். எதையும் பார்க்கவில்லை என்றார். ஆடிட்டரிடம் கேட்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். அவருக்கு அடுத்த வாய்தா அடுத்த மாதம் பத்தாம் தேதி.